படிவப் பெட்டிகளின் இரட்டைக் கணக்கு

எடையைக் கேட்கும் ஒரு பெட்டி. அதில் 1.5 என்று தட்டியவருக்கு 15 என்று பதிவாகியிருந்தது. கைதவறி அடித்திருப்பார் என்று சொல்லி இரண்டு நாள் தட்டிக்கழித்தேன். மூன்றாம் நாள் நானே உட்கார்ந்து ஒவ்வொரு விசையாக நிதானமாக அழுத்திப் பார்த்தேன். 1 வந்தது. புள்ளி வைத்தேன், வரவில்லை. 5 அழுத்தினேன், 15.

அந்தப் படிவத்தை எழுதியவன் நான்தான். ரியாக்ட் என்ற ஃப்ரேம்வொர்க்கில் (வலைப்பக்கங்களை எழுத உதவும் ஆயத்த நிரல் தொகுப்பு) பலரும் எழுதுவது போலத்தான் எழுதியிருந்தேன்: பெட்டியில் மாற்றம் வந்தால் அதிலுள்ளதை எண்ணாக மாற்று, ஸ்டேட்டில் (நிரல் தன் தரவை வைத்திருக்கும் இடத்தில்) வை, ஸ்டேட்டில் இருப்பதைப் பெட்டியில் காட்டு. ஒன்றும் புள்ளியுமாக இருக்கும் சரத்தை (எழுத்துகளின் வரிசையை) எண்ணாக்கச் சொன்னால் ஜாவாஸ்கிரிப்ட் 1 என்கிறது. அதில் தப்பில்லை. ஸ்டேட்டில் 1 உட்கார்கிறது. ரியாக்ட் பெட்டியைப் பார்க்கிறது, அங்கே ஒரு புள்ளி கூடுதலாக நிற்கிறது, ஸ்டேட்டில் அது இல்லை. ஸ்டேட் சொல்வதே சட்டம் என்பதால் புள்ளியை அழித்துவிடுகிறது. அதன் வேலையை அது சரியாகவே செய்தது. இதே பெட்டியில் ஒருவர் கழித்தல் குறியோடு தொடங்கியிருந்தால் இன்னும் வேடிக்கை: வெறும் குறியை எண்ணாக்கினால் ‘எண் அல்ல’ என்ற விசேஷ மதிப்பு கிடைக்கும், அதையே மூன்று ஆங்கில எழுத்துகளாகப் பெட்டிக்குள் அச்சடித்துவிடும்.

பெட்டியையும் ஸ்டேட்டையும் இணைக்கும் படிவப் பிணைப்பு பற்றிய பேச்சு பெரும்பாலும் ‘ஒருவழியா, இருவழியா’ என்ற பட்டிமன்றமாகவே முடிகிறது. இருவழி என்கிற ஆங்குலர் ஃப்ரேம்வொர்க்கின் ஆட்கள் ஒரு பக்கம், ஒருவழி என்கிற ரியாக்ட் ஆட்கள் மறுபக்கம். என் பார்வையில் பிரச்சினையின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. வலைப்பக்கத்தில் இருக்கும் மற்ற உறுப்புகள் எல்லாம் நாம் சொன்னதைக் காட்டுபவை. தலைப்பு, பத்தி, படம் எதற்கும் சொந்த நினைவு கிடையாது. இன்புட் பெட்டிக்கு உண்டு. ஃப்ரேம்வொர்க் வருவதற்கு முன்பே அது தன் மதிப்பைத் தானே வைத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே பெட்டியை ஸ்டேட்டோடு பிணைப்பது என்பது ஒரே விஷயத்துக்கு இரண்டு கணக்குப் புத்தகம் எழுதுவது. இரண்டும் எப்போது ஒத்துப்போக வேண்டும், ஒத்துப்போகாத நேரத்தில் எது செல்லும் என்பதுதான் கேள்வி.

பெட்டியின் அந்த நினைவு எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம். எச்டிஎம்எல்லில் நாம் எழுதும் ‘வேல்யூ’ என்ற பண்பு பெட்டியின் தொடக்க மதிப்பு மட்டுமே. டாமில், அதாவது உலாவி நினைவில் வைத்திருக்கும் பக்கத்தின் வடிவில், அந்த உறுப்பின் மேல் இருக்கும் ‘வேல்யூ’ என்ற ப்ராப்பர்ட்டிதான் தற்போதைய மதிப்பு. பெயர் ஒன்று, ஆள் வேறு. பயனர் ஓர் எழுத்தைத் தட்டியதும் உலாவி உள்ளுக்குள் ஒரு கொடியை உயர்த்துகிறது. ‘இந்தப் பெட்டியில் கை பட்டுவிட்டது’ என்று அர்த்தம். அதற்குப் பிறகு எச்டிஎம்எல் பண்பை நாம் எத்தனை முறை மாற்றினாலும் திரையில் ஒன்றும் அசையாது. படிவத்தை ரீசெட் செய்தால்தான் கொடி இறங்கும். பண்பை மட்டும் மாற்றிவிட்டு ‘ஏன் திரை மாறவில்லை’ என்று தலையைப் பிய்த்துக்கொள்வது, ஃப்ரேம்வொர்க் இல்லாமல் எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது கடந்து வரும் கட்டம்.

நிகழ்வுகளிலும் இதே போன்ற பெயர்க் குழப்பம் உண்டு. ‘இன்புட்’ நிகழ்வு ஒவ்வொரு திருத்தத்துக்கும் எழும். ‘சேஞ்ச்’ நிகழ்வு, உரைப் பெட்டியைப் பொறுத்தவரை, பயனர் முடித்துவிட்டு வெளியேறும்போதோ என்டர் தட்டும்போதோதான் எழும். ரியாக்டின் ‘ஆன்சேஞ்ச்’ பெயரில் சேஞ்ச், நடத்தையில் இன்புட். இந்த ஒரு பெயரால் வீணான மணிநேரங்களை யாராவது கூட்டிப் பார்த்தால் நல்லது.

ஜேக்வெரி என்ற பழைய நூலகத்தின் காலத்தில் இந்த இரண்டு புத்தகங்களையும் கையால்தான் ஒத்துப்பார்த்தோம். பெட்டியிலிருந்து படி, எங்கோ வை, வேறொரு இடத்தில் எழுது. 2010இல் இரண்டு பேர் இதை இயந்திரத்திடம் ஒப்படைத்தார்கள். ஸ்டீவ் சாண்டர்சனின் நாக்அவுட், மதிப்பைச் சுற்றி ஓர் உறை போட்டது. உறையைத் தொட்டால் அதை நம்பியிருப்பவர்களுக்கெல்லாம் செய்தி போகும். மைக்ரோசாஃப்டின் டெஸ்க்டாப் உலகில் ஜான் காஸ்மன் 2005இல் விவரித்த எம்விவிஎம் (திரையையும் தரவையும் நடுவில் ஒரு மாதிரி வழியாகப் பிணைப்பது) என்ற அமைப்பை உலாவிக்குக் கொண்டுவந்த முயற்சி அது. மிஷ்கோ ஹெவரி தொடங்கிய, இன்றைய ஆங்குலரின் முன்னோடியான ஆங்குலர்ஜேஎஸ் வேறு வழி பிடித்தது. உறை எதுவும் வேண்டாம், சாதாரண ஆப்ஜெக்டே போதும். ஏதாவது நடந்ததும் கவனிக்க வேண்டிய எல்லா மதிப்புகளையும் பழைய மதிப்புகளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம் என்றது. ஒன்று மாறி இன்னொன்றை மாற்றினால் மறுபடி முதலிலிருந்து ஒரு சுற்று. எல்லாம் அடங்கும்வரை சுற்று தொடரும். 10 சுற்றிலும் அடங்காவிட்டால் பிழை வீசிவிட்டு நிறுத்திவிடும். அந்தப் பத்துச் சுற்றுப் பிழையைப் பார்க்காமல் ஆங்குலர்ஜேஎஸ்ஸில் பெரிய படிவம் எழுதியவர் இருப்பாரா என்பது சந்தேகம்.

அதில் இன்னொரு பொறியும் இருந்தது. பெட்டியைத் தரவோடு பிணைக்கும் குறிக்கு அங்கே என்ஜி-மாடல் என்று பெயர். ‘என்ஜி-மாடலில் எப்போதும் ஒரு புள்ளி இருக்க வேண்டும்’ என்பார்கள். வெறும் ‘பெயர்’ என்று பிணைத்தால், உள்ளே இருக்கும் ஸ்கோப் (பக்கத்தின் ஒரு பகுதிக்கான தரவு) ப்ரோட்டோடைப் என்ற மரபு இணைப்பின் வழியாக வெளி ஸ்கோப்பின் மதிப்பைப் படித்துக் காட்டும். எழுதும்போதோ தனக்குள்ளேயே புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். படிப்பது அப்பாவின் புத்தகத்தில், எழுதுவது சொந்தப் புத்தகத்தில். ‘பயனர் புள்ளி பெயர்’ என்று பிணைத்தால் இருவரும் ஒரே ஆப்ஜெக்டைத் தொடுவார்கள், சிக்கல் தீரும். அப்படிப் பிணைக்காவிட்டால் திரை பார்க்க ஒழுங்காக இருக்கும், அனுப்பும் தரவு மட்டும் பழையதாக இருக்கும். பிழைகளில் மோசமான ரகம் இதுதான்.

சாதாரண ஆப்ஜெக்ட் மாறுவதை உலாவியே சொல்லிவிட்டால் இந்தச் சுற்றெல்லாம் தேவையில்லையே என்று மொழிக்குள்ளேயே ஒரு வசதி சேர்க்கப் பார்த்தார்கள். ஆப்ஜெக்ட்.அப்சர்வ் என்ற அந்தத் திட்டம் 2014இல் குரோமில் வந்தே விட்டது. 2015 நவம்பரில் முன்மொழிந்தவர்களே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதற்குள் காற்று திசை மாறியிருந்தது.

2013இல் பொதுவெளிக்கு வந்த ரியாக்ட்தான் காற்றை மாற்றியது. தரவு மேலிருந்து கீழே ஒரே திசையில் பாயும். மேலே போக வேண்டுமானால் ஒரு நிகழ்வு எழுந்து, நீங்கள் எழுதிய ஃபங்ஷன் அதைக் கையால் தூக்கிச் செல்ல வேண்டும். தொடக்கத்தில் ரியாக்டிலும் இருவழிப் பிணைப்புக்கென்று ஒரு மிக்ஸின் (கலந்துகொள்ளும் நிரல்துண்டு) துணைப்பொருளாக இருந்தது என்பது இன்று பலருக்குத் தெரியாது. 15ஆம் பதிப்பில் அதைக் கைவிடச் சொன்னார்கள்.

வ்யூவின் கதை இன்னும் சுவாரசியம். இவான் யூ 2014இல் வெளியிட்ட வ்யூ என்ற ஃப்ரேம்வொர்க்கில், பெற்றோர் கம்போனன்டும் (திரையின் ஒரு தனித் துண்டு) பிள்ளை கம்போனன்டும் ஒரே மதிப்பை இரண்டு பக்கமும் மாற்றிக்கொள்ள ‘.சிங்க்’ என்ற குறி 1ஆம் பதிப்பில் இருந்தது. 2ஆம் பதிப்பில் அது தவறான பழக்கம் என்று எடுத்துவிட்டார்கள். 2.3இல் வேறு உள்ளமைப்போடு திருப்பிக் கொண்டுவந்தார்கள். 2020இல் வந்த 3ஆம் பதிப்பில் மறுபடி எடுத்து, இருவழிப் பிணைப்புக்கான வி-மாடல் என்ற குறிக்குள்ளேயே கரைத்துவிட்டார்கள். கொள்கை ஒருவழியையே சொல்கிறது. நாள் முழுக்கப் படிவம் எழுதுகிறவர்களின் கை இருவழியைத் தேடுகிறது.

இந்த இழுபறியில் கிடைத்த சமரசம்தான் இன்றைய நிலை. வ்யூவின் வி-மாடலைப் பிரித்துப் போட்டால் உள்ளே இரண்டு ஒருவழிப் பாதைகளே இருக்கும்: மதிப்பு கீழே போகிறது, நிகழ்வு மேலே வருகிறது. ஆங்குலரில் சதுர அடைப்புக்குறி தரவைக் கீழே அனுப்பும், வளைந்த அடைப்புக்குறி நிகழ்வை மேலே அனுப்பும், இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்று போட்டால் இருவழி. எது உள்ளே, எது வெளியே என்று மறந்துபோகிறவர்களுக்காக ‘பெட்டிக்குள் வாழைப்பழம்’ என்று அந்தச் சமூகமே ஒரு நினைவுச் சொல் வைத்திருக்கிறது. ரிச் ஹாரிஸின் ஸ்வெல்ட், ‘பைண்ட்’ என்ற ஒரு சொல்லைப் பார்த்து அதே இரண்டு பாதைகளுக்கான நிரலைக் கம்பைல் செய்யும்போதே எழுதிவிடுகிறது. ஆக, ரியாக்டில் இரண்டு வரியாக எழுதுவதை மற்ற மூன்றிலும் ஒரு வரியாக எழுதுகிறோம். பட்டிமன்றத்தின் பெரும்பகுதி அந்த ஒரு வரியைப் பற்றியதுதான்.

மிச்சம் இருக்கும் சின்னப் பகுதியில்தான் விஷயம் இருக்கிறது. அந்த ஒரு வரிக்குள் ஃப்ரேம்வொர்க் எவ்வளவு வேலையை மறைத்து வைத்திருக்கிறது என்பது.

என் 1.5 பிழையையே எடுத்துக்கொள்வோம். வ்யூவில் வி-மாடலோடு, எண்ணாக மாற்றச் சொல்லும் ‘.நம்பர்’ சேர்த்து அதே பெட்டியை எழுதியிருந்தால் புள்ளி தப்பியிருக்கும். காரணம், வ்யூ பெட்டிக்குள் எழுதப்போகும் முன் ஒரு நொடி யோசிக்கிறது. பெட்டியில் உள்ள சரத்தை எண்ணாக்கிப் பார்க்கிறது. அது ஸ்டேட்டில் உள்ள எண்ணோடு ஒத்துப்போனால், பெட்டியைத் தொடாமல் விட்டுவிடுகிறது. ஒன்றும் புள்ளியும், வெறும் ஒன்றும் எண்ணளவில் சமம், ஆகவே கை வைக்காதே. ‘.ட்ரிம்’ போட்டாலும் அப்படித்தான். ஸ்டேட்டுக்குப் போகும் மதிப்பில் ஓர இடைவெளி வெட்டப்படும். பெட்டிக்குள் இருக்கும் இடைவெளி நீங்கள் தட்டி முடித்து வெளியேறும்வரை அப்படியே இருக்கும். இல்லாவிட்டால் இரண்டு சொல்லுக்கு நடுவே இடைவெளி விடவே முடியாது. ரியாக்டும் எண் வகைப் பெட்டிக்கு மட்டும் இதே போன்ற ஒரு தளர்ந்த ஒப்பீட்டை வைத்திருக்கிறது. நான் உரை வகைப் பெட்டியைப் பயன்படுத்தியிருந்தேன், அதனால் எனக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

எண் வகைக்கும் அதன் சொந்தக் கோளாறு உண்டு. பாதி தட்டிய நிலையில், வெறும் கழித்தல் குறி மட்டும் இருக்கும்போது, கண்ணுக்கு அது தெரியும். ‘வேல்யூ’ என்ன என்று கேட்டால் வெற்றுச் சரம் என்று பதில் வரும். எண்ணாகாத எதையும் உலாவி வெளியே சொல்லாது. வெற்றுச் சரத்தை எண்ணாக்கினால் ஜாவாஸ்கிரிப்டில் பூஜ்யம். யாரும் எதையும் தட்டாத பெட்டி பூஜ்யம் என்று சர்வருக்குப் போய்ச் சேர்வது இப்படித்தான்.

அடுத்தது கர்சர். தட்டியதை எல்லாம் பெரிய எழுத்தாக மாற்றிக் காட்டும் ஒரு பெட்டி என்று வையுங்கள். கடைசியில் தட்டும்வரை எல்லாம் சுகம். நடுவில் ஓர் எழுத்து விட்டுப்போனதை நிரப்பக் கர்சரை அங்கே கொண்டுபோய்த் தட்டினால், எழுத்து விழுந்ததும் கர்சர் கடைசிக்குத் தாவிவிடும். உலாவியின் விதி அது: நிரல் மூலமாக வேறு சரத்தை வைத்தால் கர்சர் கடைசிக்குப் போகும். அட்டை எண்ணை நான்கு நான்காகப் பிரித்துக் காட்டும் பெட்டிகள் எல்லாவற்றிலும் இந்தச் சண்டை உண்டு. வெறும் பெரிய எழுத்துத்தான் வேண்டுமென்றால், காட்சியை சிஎஸ்எஸ்ஸிடம் (தோற்றத்தை வரையறுக்கும் மொழியிடம்) விட்டுவிட்டு, அனுப்பும்போது மாற்றிக்கொள்வது புத்திசாலித்தனம். ரியாக்டில் ஸ்டேட்டை உடனே மாற்றாமல் சர்வர் பதிலுக்குக் காத்திருந்து மாற்றினாலும் இதே தாவல் வரும்: ரியாக்ட் முதலில் பழைய மதிப்பை மீட்டுவைக்கும், பிறகு புது மதிப்பை வைக்கும், நடுவில் கர்சரின் இடம் தொலைந்துபோகும்.

ரியாக்டின் இந்தக் காவல் எவ்வளவு இறுக்கம் என்பதற்கு ஒரு சான்று. தானியங்கிச் சோதனை எழுதுகிறவர்களும் உலாவி எக்ஸ்டென்ஷன் எழுதுகிறவர்களும் பெட்டிக்குள் நேரடியாக மதிப்பை வைத்து, இன்புட் நிகழ்வையும் கையால் எழுப்புவார்கள். ரியாக்ட் கண்டுகொள்ளாது. ஒவ்வொரு பெட்டியின் ‘வேல்யூ’ செட்டரையும் (மதிப்பை வைக்கும் ஃபங்ஷனை) அது தன் செட்டரால் மூடி, கடைசியாக வைத்த மதிப்பைக் குறித்துக்கொள்கிறது; நிகழ்வு வரும்போது மதிப்பு குறிப்போடு ஒத்துப்போனால் ‘ஒன்றும் மாறவில்லை’ என்று தள்ளிவிடும். நீங்கள் வைத்த மதிப்பும் அந்த மூடிய செட்டர் வழியாகத்தானே போனது. இதைச் சுற்றிப்போக, ப்ரோட்டோடைப்பில் உள்ள அசல் செட்டரைத் தேடிப் பிடித்து அதன் வழியாக வைக்க வேண்டும்.

மதிப்பு முதலில் ‘அன்டிஃபைன்ட்’ (இன்னும் வரையறுக்கப்படாதது) ஆக இருந்து, சர்வரிலிருந்து தரவு வந்ததும் சரமாக மாறினால் ரியாக்ட் கன்சோலில் ஓர் எச்சரிக்கை வரும். ‘இந்தப் பெட்டி கட்டுப்பாட்டில் இல்லாதிருந்தது, இப்போது கட்டுப்பாட்டுக்குள் வருகிறது’ என்று அதன் சாரம். பலர் வெற்றுச் சரத்தைத் தொடக்க மதிப்பாக வைத்து எச்சரிக்கையை அடக்கிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நல்ல தீர்வுதான். ஆனால் அந்த எச்சரிக்கை கேட்பது ‘இரண்டு புத்தகத்தில் எது அசல் என்று முதலிலேயே சொல்’ என்பதை. ‘அன்டிஃபைன்ட்’ கொடுத்தால் பெட்டியே அசல் என்று ரியாக்ட் எடுத்துக்கொள்கிறது.

செக்பாக்ஸ், ரேடியோ, செலக்ட் மூன்றையும் விரைவாகக் கடந்துவிடலாம். செக்பாக்ஸில் பிணைக்க வேண்டியது ‘செக்ட்’ என்பதை. ‘வேல்யூ’வைப் பிணைத்தால் டிக் அடித்தாலும் அடிக்காவிட்டாலும் ஒரே சரம்தான். செலக்டில் தொடக்க மதிப்பு எந்தத் தேர்வோடும் ஒத்துப்போகாவிட்டால் எதுவும் தேர்வாகாத நிலையில் நிற்கும்; அப்போது ஐஓஎஸ்ஸில் முதல் தேர்வைத் தொட்டால் மாற்ற நிகழ்வு எழுவதில்லை என்று வ்யூவின் ஆவணமே எச்சரித்து, முடக்கப்பட்ட ஒரு வெற்றுத் தேர்வை மேலே வைக்கச் சொல்கிறது. கோப்புப் பெட்டி முற்றிலும் வேறு சாதி: பாதுகாப்புக் கருதி, நிரல் அதன் ‘வேல்யூ’வில் வெற்றுச் சரத்தைத் தவிர எதையும் வைக்க உலாவி விடாது. ‘வேல்யூ’வை இருவழியாகப் பிணைப்பது அங்கே சாத்தியமே இல்லை.

எழுத்துகளைக் கோத்துத் தட்டும் மொழிகளுக்கு வருவோம். சீனம், ஜப்பானியம், கொரியன் போன்றவற்றில் பல விசைகள் சேர்ந்து ஓர் எழுத்தாகும்வரை, பெட்டியில் தெரிவது அரைகுறை வரைவு. அந்த வரைவை வி-மாடல் ஸ்டேட்டுக்கு அனுப்பாது. கோர்ப்பு முடிந்த பிறகே அனுப்பும். நல்ல முடிவு. ஆனால் ஆண்ட்ராய்டு கீபோர்டுகள் பலவும் ஆங்கிலச் சொல்லைக்கூடக் கோர்ப்பாகவே நடத்துகின்றன. விளைவு, தேடல் பெட்டியில் தட்டத் தட்டப் பரிந்துரை வர வேண்டிய இடத்தில், இடைவெளி தட்டும்வரை மௌனம். கணினியில் சோதித்தவர் கண்ணில் படாது, ஃபோனில் பயன்படுத்துகிறவர்தான் சொல்வார். அந்த இடத்தில் வி-மாடலை விட்டுவிட்டு, மதிப்பையும் இன்புட் நிகழ்வையும் தனித்தனியாகப் பிணைத்தால் உடனுக்குடன் கிடைக்கும். தமிழில் எழுதுகிற நமக்கு இன்னொரு சின்னக் கணக்கு: பெட்டியின் அதிகபட்ச நீளம் எழுத்துகளை எண்ணுவதில்லை, யுடிஎஃப்-16 என்ற குறியீட்டு முறையின் அலகுகளை எண்ணுகிறது. ‘கோ’ இரண்டு, ‘ஸ்ரீ’ நான்கு. பத்து எழுத்துப் பெயருக்குப் பத்து என்று வரம்பு வைத்தால் பாதியில் நின்றுவிடும்.

சொந்தமாகக் கம்போனன்ட் எழுதும்போது, மதிப்பு கீழே, நிகழ்வு மேலே என்ற இந்த உடன்படிக்கையை நாமே கையெழுத்திட வேண்டியிருக்கிறது. வ்யூ 2இல் அது ‘வேல்யூ’ என்ற ப்ராப்பும் (பெற்றோர் தரும் மதிப்பு) ‘இன்புட்’ என்ற நிகழ்வும், வ்யூ 3இல் ‘மாடல்வேல்யூ’, ‘அப்டேட்:மாடல்வேல்யூ’, 3.4 முதல் ‘டிஃபைன்மாடல்’ என்று ஒரே வரி. ஆங்குலர் இதை ஓர் இன்டர்ஃபேஸாகவே எழுதி வைத்திருக்கிறது: மதிப்பை உள்ளே எழுத ஒன்று, மாற்றத்தை வெளியே சொல்ல ஒன்று, தொட்டாயிற்று என்று சொல்ல ஒன்று, முடக்க ஒன்று. முதல்முறை எழுதும்போது அலுப்பாக இருக்கும். எனக்கென்னவோ நான்கு ஃப்ரேம்வொர்க்கிலும் மிக நேர்மையான ஆவணம் அதுதான் என்று தோன்றுகிறது, ஏனென்றால் ‘தொட்டாயிற்று’ என்பதை மதிப்பிலிருந்து பிரித்து வைக்கிறது. பயனர் இன்னும் தட்டவே தொடங்காத மின்னஞ்சல் பெட்டிக்குச் சிவப்பு எழுத்தில் திட்டு விழாமல் தடுப்பது அந்தப் பிரிவுதான். ஸ்வெல்ட் 4 வரை பிள்ளையின் எந்தப் ப்ராப்பையும் பெற்றோர் பிணைத்துக்கொள்ள முடிந்தது. 2024 அக்டோபரில் வந்த 5ஆம் பதிப்பில், பிள்ளை ‘பைண்டபிள்’ என்று வெளிப்படையாக அனுமதித்தால்தான் முடியும். இருவழியை விரும்பி அணைத்த ஃப்ரேம்வொர்க்கே கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறது.

ரியாக்ட் உலகம் எதிர்த்திசையில் நடந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு விசைக்கும் படிவம் முழுதும் மறுபடி ரெண்டர் ஆவது (திரைக்காகக் கணக்கிட்டு வரையப்படுவது) பெரிய படிவங்களில் பாரமானதால், ரியாக்ட் ஹுக் ஃபார்ம் போன்ற நூலகங்கள் மதிப்பைப் பெட்டியிடமே விட்டுவிட்டு, வேண்டும்போது மட்டும் கேட்டுப் பெறுகின்றன. 2024 டிசம்பரில் வந்த ரியாக்ட் 19, படிவத்துக்கு நேரடியாக ஒரு ஆக்ஷன் ஃபங்ஷனைக் கொடுத்து, அனுப்பும்போது எல்லா மதிப்புகளையும் ஃபார்ம்டேட்டா என்ற ஒரே தொகுப்பாக வாங்கிக்கொள்ள வைக்கிறது. ஆக்ஷன் நல்லபடி முடிந்ததும் கட்டுப்பாடற்ற பெட்டிகளைத் தானே ரீசெட் செய்துவிடுகிறது. பிழைச் செய்தியை எறியாமல் சாதாரணப் பதிலாகத் திருப்பினால் அதுவும் ‘நல்லபடி முடிந்தது’ கணக்கில்தான் சேரும்; பயனர் தட்டியதெல்லாம் போய்விடும்.

என் எடைப் பெட்டியைக் கடைசியில் எப்படிச் சரிசெய்தேன் என்று சொல்லிவிடுகிறேன். இரண்டு புத்தகம் இருப்பதை ஒப்புக்கொண்டேன். பெட்டியில் தெரியும் சரத்துக்கு ஒரு ஸ்டேட். அது எது தட்டினாலும் அப்படியே வாங்கிக்கொள்ளும், அரைகுறையானாலும். எடை என்ற எண்ணுக்கு இன்னொரு ஸ்டேட்; சரம் உண்மையிலேயே எண்ணாக மாறினால்தான் அதில் கை வைப்பேன், வெற்றாக இருந்தால் பூஜ்யம் அல்ல, ‘இல்லை’ என்றே வைப்பேன். பெட்டியை விட்டு வெளியேறும்போது எண்ணிலிருந்து சரத்தைத் திரும்ப எழுதிச் சீராக்குவேன்.

அது ஒரு வாரம் ஒழுங்காக ஓடியது. பிறகு ஒருவர் பெட்டிக்குள் தட்டிக்கொண்டிருக்கும்போதே சர்வரிலிருந்து அதே எடைக்குப் புது மதிப்பு வந்து, அவர் தட்டியதை அழித்துவிட்டது. இப்போது பெட்டியில் கர்சர் நிற்கும்வரை வெளியிலிருந்து வருவதை ஓரமாக வைத்துக்கொள்கிறேன். கர்சர் வெளியேறியதும் இரண்டும் மாறுபட்டிருந்தால், பெட்டிக்குக் கீழே இரண்டு எண்களையும் காட்டி எது வேண்டும் என்று அவரிடமே கேட்கிறேன்.